கணக்குப் பார்க்காமல் கேட்ட மன்னிப்பு: ஒரு சபையின் நிகழ்வு ஆய்வு

இதில் வருகிற இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. சபைகளில் ஆலோசனை ஊழியம் செய்கிறவன் என்ற முறையில், விஷயம் முற்றிய பிறகு அந்தச் சபையின் குழு என்னை அழைத்தது. அதற்கு முன் நடந்தவற்றைக் குழுவின் பதிவேட்டிலிருந்தும், சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதிலிருந்தும் தருகிறேன்.

பின்னணி

அந்த மூத்த சகோதரி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் பெரும்பகுதியை வங்கி வைப்பில் போட்டுத் தரும்படி, சபைக் கணக்கைப் பார்த்துவந்த ஒரு சகோதரரிடம் ஒப்படைத்தார். காசோலையில் பெயரைக்கூட எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏன் அப்படி என்று கேட்டால் பதில் இருக்கிறது. கணவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கல்லறை வரை எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவர் இவர்தான். அவர் இந்த அம்மாவை 'அக்கா' என்பார், அம்மா அவரைத் 'தம்பி' என்பார். தம்பியிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

பணம் வைப்புக்குப் போகவில்லை. அவருடைய சொந்தத் தொழில் கடனில் முழுகிக்கொண்டிருந்தது, அங்கே போனது. ரசீது கேட்டபோது அச்சடித்த ஒரு தாளைக் காட்டினார். அதில் முத்திரை மாதிரி ஒன்றும் இருந்தது. சில மாதங்கள் 'வட்டி' என்று கொஞ்சம் கொடுத்தும் வந்தார். பிறகு அது நின்றது. நாளைக்கு, அடுத்த வாரம், மேனேஜர் லீவு என்று பதில்கள் வந்தன. அம்மா ஆசிரியர் அல்லவா, ஒவ்வொரு பதிலையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். கடைசியில் தானே வங்கிக்குப் போய் விசாரித்தார். அவர் பெயரில் அப்படி ஒரு வைப்பே இல்லை என்றார்கள்.

அந்த ஞாயிறு

அம்மா யாரிடமும் வாய் திறப்பதற்குள் அந்தச் சகோதரர் பயந்துபோய்ப் போதகரிடம் ஓடினார். போதகர் நல்ல மனிதர், இருவரையும் நேசித்தவர். சபை இரண்டுபடக் கூடாது என்ற கவலை அவருக்கு. விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட நினைத்தார்.

அந்த வாரமே ஆராதனையில் சகோதரர் எழுந்து நின்று, "சூழ்நிலை காரணமாக என் வாழ்க்கையில் ஒரு தவறு நடந்துவிட்டது, சபையார் என்னை மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி அழுதார். போதகர் மத்தேயு 18ஆம் அதிகாரத்திலிருந்து, ராஜா தன் பெருங்கடனைத் தள்ளுபடி செய்தும், தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுத்த ஊழியக்காரனின் உவமையைப் பிரசங்கித்தார். முடிவில் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி முன்னே வரும்படி கூப்பிட்டார். அவர் போனார். இருவருடைய கையையும் போதகர் சேர்த்துப் பிடித்தார், சபை கைதட்டியது. அதன் பிறகு திருவிருந்து. அப்பமும் ரசமும் தன் வரிசைக்கு வந்தபோது அம்மா கையை நீட்டவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் ஆராதனைக்கு வரவில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்குப் போய், "எல்லார் முன்னாடியும் மன்னிச்சுட்டீங்களேம்மா, இப்போ ஏன் இப்படி?" என்று கேட்டார்கள். அவர் சொன்னதைப் பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்கள்: "நான் எதை மன்னிச்சேன்னு எனக்கே தெரியாது. எவ்வளவு போச்சு, எங்கே போச்சுன்னு யாராவது சொன்னீங்களா?"

எங்களுக்குத் தெரிந்தவை

நான் போனபோது சபையில் இரண்டு கட்சி உருவாகியிருந்தது. 'மனுஷன் அழுது கேட்டாச்சு, அம்மாவுக்குத்தான் கடின இருதயம்' என்பது ஒன்று. 'திருடனைச் சபையில் வைத்திருக்கலாமா' என்பது இன்னொன்று. இரண்டு கட்சியிலும் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

முதலில் கவனித்தது அந்த அறிக்கையை. 'ஒரு தவறு நடந்துவிட்டது' என்ற வாக்கியத்தில் தவறு செய்தவர் யாரும் இல்லை. இழந்தவரும் இல்லை, இழந்த தொகையும் இல்லை. மன்னிப்பும் 'சபையாரிடம்' கேட்கப்பட்டது. சபையாருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

அடுத்தது, யார் எழுந்து யாரிடம் போனார்கள் என்பது. மத்தேயு 5:23, 24இல் இயேசு சொல்வது, பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும் என்று. எழுந்து போகவேண்டியவன் குறைக்குக் காரணமானவன். இந்தச் சபையிலோ குறைபட்டவரைப் பீடத்துக்கு நடக்கவைத்தார்கள்.

பிரசங்கத்துக்கு எடுத்த உவமையையும் குழுவோடு உட்கார்ந்து திரும்ப வாசித்தோம். பேதுரு 'எத்தனை தரம் மன்னிக்கவேண்டும், ஏழு தரமோ' என்று கேட்பது 21ஆம் வசனத்தில். 'ஏழெழுபது தரமட்டும்' என்ற பதில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதே அதிகாரத்தின் 15 முதல் 17 வரையுள்ள வசனங்கள், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய் அவன் குற்றத்தை உணர்த்து, கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்று வழி சொல்கின்றன. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் பேதுருவின் கேள்வி வருகிறது. முன்பாதியைத் தாண்டிக் குதித்துப் பின்பாதியை மட்டும் பிரசங்கிப்பது நம் சபைகளில் சாதாரணமாகிவிட்டது.

உவமையில் ராஜா முதலில் என்ன செய்கிறார்? ஊழியக்காரரிடத்தில் கணக்குப் பார்க்கிறார். பதினாயிரம் தாலந்து என்று தொகை தெரிகிறது. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒருநாள் சம்பளம். அப்படியானால் அந்தக் கடன் ஆறு கோடி நாள் கூலி, எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. அதைத் தெரிந்துகொண்டுதான் ராஜா தள்ளுபடி செய்கிறார். உடன் ஊழியக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணம். இதைப் பிரசங்கங்களில் 'அற்பத் தொகை' என்பார்கள். பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் வைத்தால் சரி, அற்பம்தான். ஆனால் நூறு நாள் கூலி என்பது ஒரு கூலியாளின் வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் அடுப்பெரியும் பணம். அது கடனே இல்லை என்று உவமை எங்கேயும் சொல்லவில்லை. 'கடவுள் உங்களுக்கு எவ்வளவோ மன்னித்திருக்கிறார், இந்தப் பணம் என்ன பெரிசு' என்று அந்த அம்மாவிடம் பேசியவர்கள் உவமையைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் கருத்து.

அம்மாவின் நிலைமை மோசமாக இருந்தது. இரவில் தூக்கமில்லை. 109ஆம் சங்கீதத்தைத் தினமும் வாசித்து அதையே ஜெபமாக வைத்திருந்தார். பகைவன்மேல் சாபத்தைக் குவிக்கிற சங்கீதம் அது. குழுவில் ஒருவர் அதிர்ந்துபோய், நிறுத்தச் சொல்லலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஆத்திரத்தைக் கடவுளிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறவர் தன் கையால் பழிவாங்கப் போவதில்லை. ரோமர் 12:19 கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்: பழிவாங்காமல் கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அந்த ஞாயிறு நடந்ததை மன்னிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது. போதகர் சபையில் நாலே வரி வாசித்தார்: அது அவசரமாக நடத்தப்பட்டது, சகோதரியிடம் சம்மதம் கேட்கவில்லை, விஷயம் குழுவின் விசாரணையில் இருக்கிறது, மன்னித்துவிட்டீர்களா என்று யாரும் அவரிடம் கேட்கக்கூடாது. கடைசி வரிதான் முக்கியம். அதற்குப் பிறகே அவர் வீட்டுத் தொலைபேசி ஓய்ந்தது.

இரண்டாவது, சட்டத்தின் வழி. புகார் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டிருந்தார். 'சகோதரனுக்கு எதிராக வழக்குக்குப் போகலாமா' என்று சிலர் 1 கொரிந்தியர் 6ஐக் காட்டினார்கள். அந்த அதிகாரத்தில் பவுலின் முதல் கோபம், சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க உங்களில் ஒரு விவேகியாகிலும் இல்லையா என்பது. விசாரிக்காமல் கைகுலுக்க வைத்த சபை அந்த வசனத்தை எடுக்க முடியாது. ஆகவே, புகார் கொடுப்பது உங்கள் உரிமை, கொடுத்தாலும் சபையில் உங்கள் இடம் போகாது என்று எழுத்தில் கொடுத்தோம். அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து, முதலில் சபை என்ன செய்கிறது என்று பார்க்கிறேன் என்றார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது பணம் பற்றிய விவகாரம், இழந்தவர் விவரம் தெரிந்த பெரியவர். அதனால் இந்தக் காத்திருப்புக்கு இடமிருந்தது. அடி உதை, பாலியல் கொடுமை, குழந்தைகளுக்கு நேர்ந்த தீங்கு என்றால் சபைக் குழு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அதிகாரிகளிடம் போகவேண்டும்.

மூன்றாவது, கணக்கு. அம்மாவின் நோட்டு, வங்கி விவரங்கள், சகோதரரின் தொழில் கணக்கு மூன்றையும் வைத்துச் சபைக்கு வெளியே உள்ள ஒரு கணக்காளர் தொகையை உறுதிசெய்தார். சபைக் கணக்கையும் அப்படியே சரிபார்க்கச் சொன்னோம். அதில் குறை எதுவும் இல்லை.

நான்காவது, எழுத்தில் ஓர் அறிக்கை. சகோதரர் எழுதிக் கொண்டுவந்த முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம், அதில் முக்கால் பக்கம் தொழில் நஷ்டக் கதை. 'நீங்கள் எடுத்தீர்களா, காணாமல் போனதா?' என்று கேட்டோம். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சில நாள் கழித்து வேறொன்று கொண்டுவந்தார். அதன் தொடக்கம் இது: "அக்கா, நீங்கள் வைப்பில் போடச் சொல்லித் தந்த பணத்தை நான் போடவில்லை. என் தொழில் கடனுக்குக் கட்டினேன். நீங்கள் ரசீது கேட்டபோது நானே அச்சடித்த பொய்த் தாளைக் காட்டினேன். வட்டி என்று கொடுத்தது உங்கள் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தது." கடைசி வரியை நாங்கள் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஐந்தாவது, திருப்பிக் கொடுப்பது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், பிறன் ஒப்படைத்ததை மறுத்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். அதைச் சொன்ன பிறகே, குற்றத்துக்காகக் கடவுளுக்குச் செலுத்தும் குற்றநிவாரணபலி வருகிறது. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். இதைக் காட்டிச் சகோதரரே 'ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன்' என்றார். 'முதலில் முதல் வரட்டும்' என்று அம்மா சொல்லி அனுப்பினார். சபையின் உதவி நிதியிலிருந்து அம்மாவுக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அடிமையான ஒநேசிமுவின் கடனை 'என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதவில்லையா என்றார்கள். பவுல் தன் கையிலிருந்து தருவதாக எழுதினார், சபைப் பெட்டியிலிருந்து தருவதாக எழுதவில்லை. நிதியைத் தொடவேண்டாம் என்று முடிவானது.

ஆறாவது முடிவுக்குத்தான் அதிக எதிர்ப்பு. சகோதரர் இனி சபையில் பணம் கையாளும் எந்தப் பொறுப்புக்கும் வரமாட்டார், கடன் தீர்ந்த பிறகும். 'அப்படியென்றால் மன்னித்தது எங்கே?' என்று இருவர் வாதாடினார்கள். மன்னிப்பு கேட்டவுடன் கொடுக்கக்கூடியது. நம்பிக்கை அப்படி இல்லை, அது நடத்தையைப் பார்த்து வளரவேண்டும். யோசேப்பு, தன்னை விற்றுவிட்ட சகோதரரைக் கட்டிப்பிடித்து அழுதது ஆதியாகமம் 45இல். அதற்கு முன் மூன்று அதிகாரம் அவர்களைச் சோதிக்கிறான், தம்பி பென்யமீனையும் தன்னைப்போல் கைவிடுவார்களா என்று பார்க்கிறான். அப்புறம், கடனில் தடுமாறிய ஒருவர் கையில் மறுபடியும் பெட்டியைக் கொடுப்பது அவருக்கே செய்கிற கெடுதல்.

தொடர்ந்து நடந்தது

கடிதத்தை அம்மா வீட்டில், குழுவில் இருவர் முன்னிலையில் சகோதரர் வாசித்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்றார். அவரை 'வாங்க போங்க' என்று அம்மா பேசியது அன்றுதான் முதல் தடவை.

மாதத் தவணை தொடங்கியது. சில மாதம் ஒழுங்காக வந்தது, பிறகு ஒரு மாதம் வரவில்லை. பணப் பரிமாற்றம் வங்கியில் தாமதமாகிறது என்று சொன்னார். பார்த்தால் அவர் அனுப்பவே இல்லை. அதே பழைய பொய், அதே வாய். அம்மா அன்று கத்திய கத்தலைக் குழுவில் ஒருவர் வெளியே நின்று கேட்டிருக்கிறார். லூக்கா 17:4இல் ஒருநாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னி என்று இருப்பதை அந்த வாரம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்லவேளை. தவணை இனிக் கணக்காளர் வழியாகப் போகும், தேதி தப்பினால் அவர் அன்றே இரண்டு தரப்புக்கும் சொல்வார் என்று ஏற்பாட்டை மாற்றினோம். பொய் சொல்ல இடமில்லாமல் போனதும் தவணையும் ஒழுங்கானது. தாமதமான மாதங்களில் அவரே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கினார்.

இதற்கிடையில் சபையில் சிலர் அவருடைய பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளைச் சேரவிடாமல் தடுத்தார்கள். 2 கொரிந்தியர் 2இல், அநேகரால் உண்டான தண்டனையே போதும், அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிற பகுதியைப் போதகர் எடுத்துப் பேசினார். இந்த முறை யாரையும் முன்னே கூப்பிடவில்லை.

அம்மாவிடம் மாற்றம் வந்த விதத்தை யாரும் திட்டமிடவில்லை. ஒருநாள் நான் போயிருந்தபோது அவராகச் சொன்னார். வழக்கம்போல் 109ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒன்பதாம் வசனம்: 'அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்.' எத்தனையோ நாள் வாசித்த வசனம்தான். "விதவைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் ஐயா. அதை இன்னொருத்திக்குக் கேட்டுக்கிட்டு இருக்கேனேன்னு அன்னைக்கு நின்னுபோச்சு" என்றார். பக்கத்தை மூடிவிட்டு, அந்தச் சகோதரருடைய மனைவிக்காக ஜெபித்தாராம். அந்தச் சகோதரருக்காக ஜெபிக்க இன்னும் பல வாரம் ஆனது.

திருவிருந்துக்கு அவர் திரும்பியது அதற்குப் பிறகு. கடன் அப்போது பாதிகூடத் தீரவில்லை. மன்னித்துவிட்டால் மீதியை ஏன் வாங்குகிறீர்கள் என்று ஒருவர், தடையை மீறி, கேட்டுவிட்டார். "பணம் என்னுது, வாங்கிக்கிறேன். அவர் நாசமாப் போகணும்னு கேக்கறதை விட்டுட்டேன்" என்று பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி நான் நடத்துகிற வகுப்புகளில் இதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

இப்போதைய நிலை

முதல் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு பாக்கி இருக்கிறது. அதை வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை, சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை. இருவரும் ஒரே ஆராதனைக்கு வருகிறார்கள், பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள். பழைய அக்கா தம்பி உறவு இல்லை. வீட்டுக்குப் போக்குவரத்தும் இல்லை. இதைச் சிலர் குறையாக நினைக்கிறார்கள், நான் நினைக்கவில்லை.

மாற்றவேண்டியவை

பொது அறிக்கை, கைகுலுக்கல், சாட்சி எதுவானாலும் பாதிக்கப்பட்டவரிடம் தனியாகக் கேட்டு, மறுக்க அவருக்கு அவகாசம் கொடுத்த பிறகே என்று அந்தச் சபை தீர்மானம் போட்டிருக்கிறது. உறுப்பினர்கள் தனிப்பட்ட பணத்தைச் சபைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பதும் நிறுத்தப்பட்டது. இது முன்பே இருந்திருக்க வேண்டிய விதி.

தவணைக்கு வெளியாளை முதல் மாதத்திலிருந்தே வைத்திருந்தால் இரண்டாவது பொய்க்கு வாய்ப்பு இருந்திருக்காது. மனந்திரும்பியவர் என்பதால் மேற்பார்வை அவமானம் என்று குழு நினைத்தது. அவரிடம் பின்னால் கேட்டபோது, அதுதான் தனக்குப் பெரிய உதவியாக இருந்தது என்றார்.

பெரிய மாற்றம் விசாரணையின் தொடக்கத்தில் வரவேண்டும். இழந்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். தொழில் கணக்கைத் திறந்தபோது, சகோதரருடைய மனைவியின் கையெழுத்தோடு ஒரு கடன் பத்திரமும் இருந்தது. எதற்கென்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்து. தொகைகள் வாசிக்கப்பட்ட கூட்டத்தில்தான் அவருக்கே அது தெரிந்தது. கணவர் எழுதிய கடிதத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் மன்னிக்காதவர் அவர்தான், அதற்கு அவருக்குக் காரணமும் இருக்கிறது. இனி இப்படி ஒரு விவகாரம் வந்தால், யாருக்கெல்லாம் நஷ்டம் என்ற பட்டியலைக் கணக்காளரை வைத்து முதலில் எடுப்பது, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திப்பது என்று குழு முடிவுசெய்திருக்கிறது. அந்த மனைவியோடு வேறு சபையைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவர், பெண், இப்போது பேசிவருகிறார். அவர் என்ன சொல்கிறார் என்பதைக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டியதில்லை என்பதே ஏற்பாடு.